விமானத் தரவில் பாதி இடம் கயோலினைட் என்று வருகிறது, எங்கே தவறு?

ஈசூன் முகிலன்:

வணக்கம். வறண்ட குன்றுப் பகுதி ஒன்றின் மேல் விமானத்தில் எடுத்த ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் (ஒளியை நூற்றுக்கணக்கான அலைநீளத் துண்டுகளாகப் பிரித்துப் பதியும்) தரவு கையில் இருக்கிறது. புஷ்புரூம் கருவி (பறக்கப் பறக்க ஒரு வரியை ஒரே நேரத்தில் பதிவது), 380 முதல் 2510 நானோமீட்டர் வரை, 5 நா.மீ. இடைவெளியில் சுமார் 425 பேண்டுகள் (அலைநீளத் துண்டுகள்). பிக்சல் 4 மீட்டர். நான்கு பறப்புக் கீற்றுகள். வேலை முழுக்கச் சிங்கப்பூரில்தான், களத்துக்குப் போக வாய்ப்பில்லை.

ரேடியன்ஸைக் (கருவிக்கு வந்த ஒளியைக்) காற்றுமண்டலத் திருத்தம் செய்து ரிஃப்ளெக்டன்ஸாக (தரை திருப்பி அனுப்பும் ஒளியின் பங்காக) மாற்றினேன். யூஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம்) நூலகத்திலிருந்து 30 கனிம நிறமாலைகளை எடுத்து, எல்லா பேண்டுகளையும் வைத்து ஸ்பெக்ட்ரல் ஆங்கிள் மேப்பர் (இரு நிறமாலைகளுக்கு இடையிலான கோணத்தை வைத்துக் கனிமம் பொருத்தும் முறை) ஓட்டினேன். வரம்பு 0.10 ரேடியன். வரைபடத்தில் பாதிக்கு மேல் கயோலினைட் (ஒரு களிமண் கனிமம்). காய்ந்த புல்வெளி எல்லாம் கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் கனிமம்). நிழல் விழுந்த சரிவுகளில் அலுனைட் (ஒரு சல்பேட் கனிமம்). இரண்டு கீற்றுகள் சேரும் இடத்தில் கோடு போட்டதுபோல் கனிமம் மாறுகிறது. வரம்பை 0.05 ஆக இறக்கினால் முக்கால்வாசிப் படம் வெறுமையாகிவிடுகிறது.

எம்என்எஃப் (தரவைக் கூறுகளாகப் பிரித்து இரைச்சலை ஒதுக்கும் உருமாற்றம்) போட்டால் சரியாகுமா, அதற்கு முன்னால் வேறு ஏதாவது திருத்த வேண்டுமா? இன்னொன்று: நிறமாலை படிக்கப் பழக சிங்கப்பூருக்குள்ளேயே இடம் உண்டா?


பாசிர் ரிஸ் செல்வி:

வகைப்பாட்டை அப்படியே நிறுத்திவையுங்கள். நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் இரண்டு வகைப்பாட்டுக்கு முன்னாலேயே நடந்தவை. நிழலும் கீற்று ஓரமும் ரிஃப்ளெக்டன்ஸ் சரியில்லை என்று சொல்கின்றன.

முதலில் நல்ல வெயில் பட்ட வெறுந்தரையில் 20 பிக்சலாவது எடுத்து ஒவ்வொன்றாக வரைந்து பாருங்கள். சராசரி எடுக்க வேண்டாம், தனித்தனியாகவே பாருங்கள். பாறையின் ரிஃப்ளெக்டன்ஸ் பெரும்பாலும் 0.1க்கும் 0.6க்கும் நடுவில் வரும். எல்லாமே 0.03 அல்லது 3 என்று வந்தால் ரேடியன்ஸ் அலகின் பெருக்கெண் பத்து மடங்கு பிசகியிருக்கிறது. மென்பொருள் மைக்ரோவாட், சதுர செ.மீ., நானோமீட்டர் என்ற அலகில் கேட்கும். கோப்பு வேறு அலகில் இருக்கும். யாரும் சரிபார்க்காமல் விடும் இடம் இது. அடுத்தது உயரம். விமானத்தின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து கிலோமீட்டரில் கேட்கும் பெட்டியில், தரையிலிருந்து உள்ள உயரத்தைக் கொடுத்துவிட்டால் காற்றின் கனம் தப்பாகக் கணக்காகும். பறப்புக் குறிப்பில் அடிக் கணக்கில் (feet) எழுதியிருப்பதையும் மாற்ற மறக்க வேண்டாம்.

பிறகு 760 நா.மீ.க்கு வாருங்கள். அங்கே ஆக்சிஜனின் கூர்மையான கோடு இருக்கிறது. திருத்திய நிறமாலையில் அந்த இடத்தில் முள்போல ஏதாவது நிமிர்ந்தோ குழிந்தோ நின்றால் அலைநீள அளவுத்திருத்தம் நகர்ந்திருக்கிறது. அது படத்தின் அகலம் முழுக்க ஒரே மாதிரியா என்று பாருங்கள். படம் 600 பிக்சல் அகலம் என்றால் 10, 300, 590 ஆகிய நெடுவரிசைகளின் ரேடியன்ஸில் அந்தக் கோட்டின் அடிமட்டம் எந்த அலைநீளத்தில் விழுகிறது என்று ஒப்பிடுங்கள். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்றால் அதுதான் 'ஸ்மைல்'. புஷ்புரூம் கருவிகளில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனி டிடெக்டர்; கருவியின் ஒளியியல் வளைவால் அவற்றின் அலைநீளங்கள் சற்று வேறுபடும். 1 நா.மீ. நகர்ந்தாலே காற்றின் கூர்மையான கோடுகளுக்குப் பக்கத்தில் பொய்ப் பள்ளங்கள் (ஒளி உறிஞ்சப்பட்டதுபோல் நிறமாலையில் தெரியும் குழிகள்) தோன்றும். ஒரு கீற்றின் வலது ஓரமும் அடுத்த கீற்றின் இடது ஓரமும் ஒட்டும் இடத்தில் உங்களுக்குக் கோடு விழுவதற்கு இது பாதிக் காரணம். ஒளிக்கோணம் மாறுவது மீதிப் பாதி.

நீராவி வரைபடத்தையும் திறந்து பாருங்கள், பெரும்பாலோர் திறப்பதே இல்லை. திருத்தும் மென்பொருள் 940, 1140 நா.மீ. கோடுகளிலிருந்து ஒவ்வொரு பிக்சலுக்கும் நீராவி அளவைக் கணக்கிட்டு வைத்திருக்கும். பள்ளத்தாக்கில் அதிகமாகவும் உச்சியில் குறைவாகவும் இருந்தால் நல்லது. பாறை எல்லையையும் வயல் வரப்பையும் அப்படியே பின்தொடர்ந்தால், பாறையின் நிறமாலையை நீராவி என்று நினைத்து மென்பொருள் கழித்துவிட்டது என்று பொருள். சிங்கப்பூர் வானத்தில் நீராவி (முழுதும் நீரானால் நிற்கும் உயரக் கணக்கில்) 4 செ.மீ.க்குக் கீழே இறங்குவது அரிது. உங்கள் வறண்ட பகுதிக்கு வெப்பமண்டல மாதிரியைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

நிழலைப் பற்றி: ஆங்கிள் மேப்பர் வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் கவலைப்படாது என்பது பாடம். அது நேர் வெயில் குறையும்போது மட்டும்தான் உண்மை. முழு நிழலில் வானத்தின் சிதறிய நீல ஒளி மட்டுமே தரையைத் தொடுகிறது. 2000 நா.மீ.க்கு மேல் அந்த ஒளி இல்லை என்றே சொல்லலாம். அங்கே எஞ்சுவது இரைச்சல். இரைச்சலுக்குப் பொருத்தமாக 30இல் ஏதோ ஒரு கனிமம் எப்போதும் கிடைக்கும், உங்களுக்குக் கிடைத்தது அலுனைட். 2200 நா.மீ. ரிஃப்ளெக்டன்ஸ் 0.05க்குக் கீழே உள்ள பிக்சல்களை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். அந்த இடங்கள் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும்.


ஜூரோங் மாறன்:

செல்வி சொன்னதைச் செய்துவிட்டு வாருங்கள். கயோலினைட் ஏன் பாதிப் படத்தை விழுங்கியது என்பதற்கு வருகிறேன்.

நீங்கள் 425 பேண்டையும் கொடுத்தீர்கள். அதில் 1340 முதல் 1450 வரையும் 1790 முதல் 1960 வரையும் நீராவி ஒளியை முழுதாக விழுங்கும் இடங்கள், அங்கே தரவே இல்லை. இரண்டு கோடிகளிலும் இரைச்சல். இவற்றை வெட்டினால் 350 அளவில் மிஞ்சும். அந்த 350இல் கயோலினைட்டை அடையாளம் காட்டும் பள்ளம் 2120க்கும் 2245க்கும் நடுவில் வெறும் 26 பேண்ட். மீதி 324 பேண்ட் எதைப் பார்க்கிறது? பாறை வெளிறியதா சிவந்ததா, 400 முதல் 1300 வரை எப்படி ஏறுகிறது என்பதை. அதைத் தீர்மானிப்பது இரும்பு ஆக்ஸைடும் துகள் அளவும். நூலகக் கயோலினைட் வெள்ளைத் தூள். வெளிறிய தரை எல்லாம் அதற்கு நெருங்கிய கோணத்தில் வரும், களிமண் இருந்தாலும் இல்லாவிட்டாலும். உங்கள் படம் கயோலினைட் வரைபடமாக வரவில்லை. வெளிறிய மண்ணின் வரைபடமாக வந்திருக்கிறது.

வழி இது. இரும்புக் கனிமங்களைத் தனியாக ஓட்டுங்கள், 450 முதல் 1250 வரை. ஹேமடைட்டின் பள்ளம் 860–880 பக்கம், கோதைட்டுக்கு 920–940. களிமண், மைக்கா, கார்பனேட், சல்பேட் எல்லாவற்றையும் 2100 முதல் 2400 வரையில் தனியாக ஓட்டுங்கள். பள்ளத்தின் இடது தோளை (மேல் விளிம்பை) 2100க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். 2010, 2060 இரண்டிலும் கார்பன் டை ஆக்ஸைடு கோடு இருக்கிறது. உயரம் தப்பாகக் கொடுத்தால் முதலில் கெடும் இடம் அது.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரு தோள்களைத் தொடும் நேர்கோடு போட்டு நிறமாலையை அதால் வகுங்கள். இதுதான் கன்டினியூம் நீக்கம். கையால் ஒரு பிக்சலுக்குச் செய்து பார்த்தால் புரியும். 2120இல் 0.40, 2245இல் 0.38, நடுவில் 2205இல் 0.31 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2205 என்பது 125 நா.மீ. தூரத்தில் 85ஆவது நானோமீட்டர், அதாவது 0.68 பங்கு. அங்கே கோட்டின் உயரம் 0.40 − 0.02 × 0.68 = 0.386. 0.31ஐ 0.386ஆல் வகுத்தால் 0.80. ஆழம் 0.20. நல்ல ஆழமான பள்ளம். அதே இடத்தில் உங்கள் தரவின் சிக்னல்–இரைச்சல் விகிதம் 100 என்றால் இரைச்சல் 0.01 அளவு, ஆழம் 0.02 வரும் பிக்சல்களுக்குப் பெயர் வைப்பது ஊகம். 0.04க்குக் கீழே பெயர் வைக்காதீர்கள்.

ஆழம் கிடைத்துவிட்டது என்று நின்றுவிடாதீர்கள், வடிவம்தான் பேசும். 2205 பக்கம் பள்ளம் இருப்பதால் மட்டும் அது கயோலினைட் ஆகாது. கயோலினைட்டின் பள்ளம் இரட்டை: 2205இல் ஆழமானது, இடப்பக்கம் 2165இல் படிக்கட்டுபோல இன்னொன்று. மான்ட்மோரில்லோனைட்டில் 2206 பக்கம் ஒற்றைப் பள்ளம், படிக்கட்டு கிடையாது. மஸ்கோவைட்டுக்கு 2200 அருகில் ஒன்று, கூடவே 2350இல் ஒன்று, 2440இல் இன்னொன்று. அலுனைட்டுக்கு ஆழமான பகுதி 2165–2170 பக்கம். 1480, 1760, 2320 ஆகிய இடங்களிலும் சாட்சி இருக்க வேண்டும். ஜிப்சத்துக்கு 1750இல் ஒன்றும் 2210இல் ஒன்றும். படிக்கட்டு தெரியாத பிக்சலுக்குக் கயோலினைட் என்று எழுதுவதைவிட, 'அலுமினியம்–ஹைட்ராக்சில் களிமண்' என்று எழுதுவது நேர்மை. மஸ்கோவைட்டும் கயோலினைட்டும் கலந்த மண்ணிலும், படிகம் ஒழுங்கில்லாத கயோலினைட்டிலும் அந்தப் படி மங்கலாகத்தான் தெரியும். அவை இரண்டையும் 4 மீட்டர் பிக்சலில் பிரிப்பது கடினம்.

நூலக நிறமாலைகளை உங்கள் கருவியின் பேண்ட் மையத்துக்கும் அகலத்துக்கும் மாற்றினீர்களா? நூலகம் மைக்ரோமீட்டரில் இருக்கும், படம் நானோமீட்டரில் இருக்கும். அலகு பொருந்தாமல் ஓடினாலும் சில மென்பொருள்கள் பிழை காட்டாமல் ஏதோ ஒரு விடையைத் தரும்.

உங்கள் படிமுறை சரியா என்று பார்க்க நெவாடாவின் கியூப்ரைட் தரவை எடுங்கள். 1997இல் நாசாவின் அவிரிஸ் என்ற விமானக் கருவி எடுத்தது, இணையத்தில் எளிதில் கிடைக்கும். அலுனைட், கயோலினைட், மஸ்கோவைட், கால்சைட், பட்டிங்டனைட் எங்கே இருக்கின்றன என்று அங்கே பலர் நடந்து சரிபார்த்துவிட்டார்கள். 2120 பக்கம் பள்ளம் காட்டும் பட்டிங்டனைட் (அம்மோனியம் கொண்ட ஃபெல்ட்ஸ்பார்) சிறிய இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் முறை அதைச் சரியான மேட்டில் காட்டினால் முறை வேலை செய்கிறது.


ஈசூன் முகிலன்:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. பறப்பு உயரம் தரையிலிருந்து உள்ளதாகவே கொடுத்திருந்தேன். மாற்றியதும் 2060இல் நின்ற முள் போய்விட்டது. 2100–2400இல் கன்டினியூம் நீக்கி ஓட்டினேன். கயோலினைட் கிழக்குச் சரிவில் ஒரு பட்டையாகச் சுருங்கிவிட்டது, இரட்டைப் பள்ளம் கண்ணுக்கே தெரிகிறது.

புல்வெளியில் கால்சைட் இன்னும் நிற்கிறது, என்டிவிஐ (தாவரப் பசுமைக் குறியீடு) 0.15தான், பசுமை இல்லை. மஸ்கோவைட்டின் மையம் ஓரிடத்தில் 2200, இன்னோர் இடத்தில் 2210 என்று வருகிறது. அது உண்மையான மாற்றமா, இரைச்சலா?


படிகம்:

என்டிவிஐ பச்சையைத்தான் பார்க்கும், காய்ந்த புல்லுக்கு அது கண் மூடிக்கொள்ளும். காய்ந்த புல்லில் செல்லுலோஸும் லிக்னினும் இருக்கின்றன. செல்லுலோஸுக்கு 2100 பக்கம் அகன்ற பள்ளம். லிக்னினும் செல்லுலோஸும் சேர்ந்து 2310–2350 பக்கம் இன்னொரு பள்ளம். கால்சைட் 2340, டோலமைட் 2320. இரண்டாவது பள்ளத்தை மட்டும் பார்க்கும் எந்த முறையும் வைக்கோலைச் சுண்ணாம்புக்கல் என்றே சொல்லும்.

பிரிக்க 2100ஐப் பாருங்கள். கார்பனேட்டுக்கு அங்கே பள்ளம் இல்லை. செல்லுலோஸ் குறியீட்டுக்கு 2020, 2200 இரண்டின் சராசரியிலிருந்து 2100இன் ரிஃப்ளெக்டன்ஸைக் கழித்து 100ஆல் பெருக்க வேண்டும். 2020இல் 0.26, 2200இல் 0.30, 2100இல் 0.24 என்றால் 0.28 − 0.24 = 0.04, 100ஆல் பெருக்க 4. வெறும் மண்ணுக்கு இது சுழியத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். 2020 பேண்ட் கார்பன் டை ஆக்ஸைடு கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒரே பேண்டை நம்பாமல் 2020–2030இல் மூன்று பேண்டின் சராசரி எடுங்கள். உங்கள் படத்துக்கான வரம்பை, புல் என்று உறுதியாகத் தெரியும் 50 பிக்சலையும் வெறும் பாறை 50 பிக்சலையும் வைத்து நீங்களே வையுங்கள். மாறன் இடது தோளை 2100க்குக் கீழே கொண்டுபோகாதே என்றது கனிமத்துக்கு; இந்தக் குறியீட்டுக்கு மட்டும் கீழே போகத்தான் வேண்டும்.

வடிவமும் உதவும். கால்சைட்டின் பள்ளம் சமச்சீர் இல்லாதது: இடப்பக்கம் மெல்ல இறங்கி வலப்பக்கம் சட்டென்று ஏறும். புல்லின் பள்ளம் இரண்டு சிறு குழிகளாக உடைந்திருக்கும்.

மஸ்கோவைட்டுக்கு: மாற்றம் உண்மையாகவே இருக்கலாம். மஸ்கோவைட்டில் அலுமினியம் அதிகமானால் மையம் 2190 பக்கம் போகும். இரும்பும் மெக்னீசியமும் அலுமினியத்தின் இடத்தைப் பிடித்தால் 2220ஐ நோக்கி நகரும். தாது தேடுபவர்கள் இந்த நகர்வைத்தான் துரத்துகிறார்கள், கனிமப் பெயரைவிட இது பல சமயம் பயன் தருகிறது. 5 நா.மீ. பேண்டை வைத்து 2 நா.மீ. நகர்வைச் சொல்ல வேண்டுமானால் பேண்டின் நடுவை மையம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆழம் அதிகமான பேண்டையும் அதன் இரு அண்டைகளையும் எடுத்துப் பரவளைவு பொருத்துங்கள். 2200, 2205, 2210இல் ஆழங்கள் 0.148, 0.155, 0.152 என்றால், வலது கழித்தல் இடது 0.004, நடுவின் இரு மடங்கிலிருந்து இரு ஓரங்களின் கூட்டைக் கழித்தால் 0.010; 2.5ஐ 0.4ஆல் பெருக்க 1 நா.மீ. மையம் 2206.

இந்த மூன்று எண்களும் மூன்றாம் தசமத்தில்தான் வேறுபடுகின்றன என்பதைக் கவனியுங்கள். ஒற்றைப் பிக்சலில் இரைச்சல் அதை விழுங்கிவிடும். 5 × 5 பிக்சலைச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஐந்தில் ஒன்றாகக் குறையும், அதன்பின் பொருத்துங்கள். படத்தின் குறுக்கே மையத்தை வரைந்து பாருங்கள்: ஓரத்திலிருந்து நடுவுக்கு வில்போல வளைந்தால் அது ஸ்மைல். பாறை எல்லையில் மாறினால்தான் வேதியியல்.


பாசிர் ரிஸ் செல்வி:

எம்என்எஃப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. போடலாம், ஆனால் நான்கு கீற்றையும் ஒட்டிய பிறகு போடாதீர்கள். கீற்றுக்குக் கீற்று ஒளி வேறு, அந்த வேறுபாடே முதல் இரண்டு கூறுகளை நிரப்பிவிடும். ஒவ்வொரு கீற்றாக, 2000–2450இல் உள்ள 90 பேண்டை மட்டும் கொடுங்கள். இரைச்சலைக் கணக்கிடச் சீரான பரப்பைத் தேர்ந்தெடுங்கள். வரண்ட ஏரிப்படுகை கிடைத்தால் சிறப்பு. பாறை துண்டு துண்டாக மாறும் இடத்தில் எடுத்தால் நிலவியலே இரைச்சலாகக் கணக்காகி வெளியே போய்விடும். கூறுகளைப் படமாகப் பார்த்து, நெடுக்குக் கோடு மட்டும் தெரிபவற்றை விடுத்து மீதியை வைத்துத் திரும்ப மாற்றுங்கள். அரிய கனிமம் ஒன்று 20 பிக்சலில் மட்டும் இருந்தால் அது 15ஆவது கூறில் ஒளிந்திருக்கலாம், அவசரப்பட்டு 10இல் வெட்டாதீர்கள்.

வரைபடத்தின் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: இந்த ஒளி மேற்பரப்பின் சில பத்து மைக்ரோமீட்டரை மட்டும்தான் பார்க்கிறது. பாறைமேல் படிந்த பாலைவனப் பூச்சு, மேலிருந்து உருண்டு வந்த சரளை, காற்று கொண்டுவந்த தூசி எல்லாம் அதற்குள் அடக்கம். பள்ளத்தின் ஆழத்தைச் சதவீதமாக எழுதாதீர்கள். துகள் அளவு மாறினாலும் ஆழம் மாறும். கொஞ்சம் மேக்னடைட் கலந்தாலே பள்ளம் ஆழம் குறைந்துவிடும். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இந்த அலைநீளங்களில் எதையும் காட்டுவதில்லை. அவற்றுக்கு 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரை பார்க்கும் வெப்பக் கருவி வேண்டும். உங்கள் வரைபடத்தில் வெறுமையாக நிற்கும் மேடுகளில் சில குவார்ட்ஸைட்டாகவே இருக்கலாம்.


ஜூரோங் மாறன்:

சிங்கப்பூரில் பழகுவது பற்றி. மேலிருந்து பார்க்க இந்த ஊர் ஏற்றதல்ல: மரம், மேகம், கூரை. ட்ரோன் என்றால் 250 கிராமுக்கு மேல் பதிவு, பொழுதுபோக்கு அல்லாத வேலைக்குத் தனி அனுமதி. நிறமாலை படிக்க அதெல்லாம் தேவையில்லை, கையில் பிடிக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் போதும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள்.

புக்கிட் தீமா கிரானைட் நம் மழையிலும் வெப்பத்திலும் ஆழமாக அழுகி, சிவந்த கயோலினைட் மண்ணாக மாறியிருக்கிறது. கட்டுமானத் தளங்களில் வெட்டிய சரிவுகளில் தெரியும் அந்தச் செம்மண் பாடத்துக்கு நல்ல மாதிரி: ஒரே பிடி மண்ணில் 2165–2205 இரட்டைப் பள்ளமும் ஹேமடைட், கோதைட் பள்ளமும். தளப் பொறுப்பாளரிடம் கேட்டு ஒரு கையளவு வாங்கிக்கொள்ளுங்கள். புலாவ் உபினில் பழைய குவாரிகளில் புதுக் கிரானைட்டைப் பார்க்கலாம், அங்கிருந்து கல் எடுக்க வேண்டாம். கடலைத் தூர்த்த நிலத்தின் மணலையும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் குவார்ட்ஸ், 2200 பக்கம் கிட்டத்தட்ட நேர்கோடு. செல்வி சொன்ன குவார்ட்ஸின் மௌனத்தை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

மண்ணை 40 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். ஈரம் 1400, 1900 இரண்டையும் ஆழமாக்கி, முழு நிறமாலையையும் இருட்டாக்கி, 2200 பள்ளத்தை அமுக்கிவிடும். அதிகச் சூட்டில் வைத்தால் ஜிப்சம் தன் நீரை இழந்துவிடும். வெளியில் வெயிலில் அளந்தால் 25 பாகை ஃபைபர் ஒரு மீட்டர் உயரத்தில் 44 செ.மீ. வட்டத்தைப் பார்க்கும், உங்கள் காலணி அதற்குள் வந்துவிடக் கூடாது. இங்கே மேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் வெள்ளைத் தகட்டை (ஒப்பிடுவதற்கான தரத் தகட்டை) அளக்க வேண்டும். உள்ளே விளக்குள்ள தொடு முனை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், மேகமும் நீராவியும் தொல்லை தராது. கருவியைக் குறைந்தது அரை மணி நேரம் சூடேற விடுங்கள். இல்லையென்றால் மூன்று டிடெக்டர்கள் சேரும் 1000, 1800 நா.மீ.யில் படி விழும், அதைக் கனிமம் என்று எண்ணிவிடுவீர்கள்.

வெள்ளைத் தகடு செய்யப்படும் ஸ்பெக்ட்ரலான் என்ற பொருளுக்கே 2130 பக்கம் மெல்லிய பள்ளம் உண்டு. அதன் அளவுத்திருத்தக் கோப்பை வைத்துப் பெருக்காமல் விட்டால் உங்கள் மாதிரியில் அங்கே சிறு மேடு ஒன்று எழும், பட்டிங்டனைட்டின் 2120க்கு மிக அருகில்.